லாங்விக்கிலிருந்து ஒன்பது மணி நேரம்

லாங்விக் விமான நிலையத்துக்கும் ஹார்நெஸ் விமான நிலையத்துக்கும் நடுவே வான்வழியில் அறுபத்திரண்டு கிலோமீட்டர். காற்று எதிர்த்து அடிக்காத நாளில் பதினான்கு நிமிடம். விமானம் மேலே ஏறி முடிக்கும் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். அந்தத் தடத்தில் பயணிகளுக்குக் காப்பி கொடுக்கும் வழக்கமே கிடையாது. கொடுத்தால் வாயைச் சுட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். சாலையில் போனால், கடல் மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே புகுந்து கிடக்கும் இரண்டு ஃபியோர்டுகளைச் சுற்றி, ஒரு மலையை ஏறி இறங்கி, மூன்றரை மணி நேரம். அதுவும் மலைப்பாதை திறந்திருந்தால்.

இந்தக் கணக்கு இரண்டு ஊர்க்காரர்களுக்கும் மனப்பாடம். எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவன் ஹால்வார். லாங்விக் விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து, வருகிற விமானத்துக்குக் காற்று எப்படி, ஓடுபாதையில் பனி எவ்வளவு என்று ரேடியோவில் சொல்வதுதான் அவன் உத்தியோகம். ஹார்நெஸுக்கு விமானம் கிளம்பியதும் அந்த ஊர்க் கோபுரத்தைக் கூப்பிட்டு, இத்தனை மணிக்குக் கிளம்பியது, இத்தனை மணிக்கு உங்களிடம் வரும் என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை. பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அப்பேர்ப்பட்டவன், தான் பெற்ற மகளிடம், லாங்விக்கிலிருந்து ஹார்நெஸ் வந்து சேர ஒன்பது மணி நேரம் ஆகும் என்று சொல்லி வைத்திருந்தான். மூன்று வருஷமாக. சொல்லவே நாக்குக் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான், மென்று விழுங்கி என்ன ஆகப்போகிறது?

ஒன்றை மட்டும் அவன் தரப்பில் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அது பொய்யில்லை. விவாகரத்தான கையோடு அவன் மனைவி சோல்விக்கு ஹார்நெஸில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஐந்து வயது இல்வாவைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறு அப்பாவுடையது என்று ஏற்பாடு. சனிக்கிழமை காலை விமானத்தில் போவான், ஞாயிறு மாலை விமானத்தில் திரும்புவான். இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் போனான். பிறகு சோல்வியின் வீட்டு நடையில் நாற்பத்தாறாம் நம்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வந்து உட்கார்ந்தது. அந்தப் பூட்ஸுக்காரன் நல்ல மனுஷன். வா உட்கார் என்பான், காப்பி ஊற்றிக் கொடுப்பான். அந்த நல்லதனம்தான் ஹால்வாருக்குத் தாங்கவில்லை. சனிக்கிழமை விடிந்தாலே போகாமலிருக்க ஏதாவது சாக்குத் தேடுவான்.

அந்தக் கோடையில் ஹார்நெஸ் ஓடுபாதைக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். ஏழு வாரம் அங்கே விமானம் இறங்கவில்லை. போக வேண்டுமென்றால் தெற்கே ட்ரோம்சோ வரை பறந்து, அங்கே மூன்று மணி நேரம் காத்திருந்து, இன்னொரு விமானம் பிடித்து, பிறகு பேருந்து ஏற வேண்டும். மொத்தம் ஒன்பது மணி நேரம். காரில் வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சோல்வியும் கேட்டாள். வண்டி மலை ஏறாது என்றான். அந்த வண்டியில்தான் அதே மாதம் அதே மலைக்கு மீன் பிடிக்கப் போய்விட்டு வந்தான்.

“ஒன்பது மணி நேரமா! ஐயோ பாவம்ப்பா நீ” என்றாள் ஏழு வயது இல்வா ஃபோனில். அந்த ‘ஐயோ பாவம்’ அவனுக்குச் சுகமாக இருந்தது. போகாத குற்றத்தைக் குழந்தையே எடுத்துத் தூரத்தின் தலையில் போட்டுவிட்டாள். அப்பாடா என்று மூச்சு விட்டான். தார் காய்ந்து விமானம் மறுபடி இறங்க ஆரம்பித்தது. இல்வாவிடம் மட்டும் அதை அவன் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தான். அடுத்த வாரம் சொன்னால், போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்பாளே? அதனால் இன்னொரு வாரம் தள்ளினான். தள்ளத் தள்ளச் சொல்ல முடியாமல் போயிற்று.

பிறகு வருஷத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் நடுக்கோடைக்கும். அதில் அவன் பண்ணிய கூத்து இருக்கிறதே, அதுதான் கேவலம். வீட்டில் வென்னீரில் குளித்து, மீன் வறுத்துச் சாப்பிட்டு, குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு மூன்று மணி விமானத்தில் ஏறுவான். ஹார்நெஸில் இறங்கியதும் தோளைத் தொங்கப்போட்டுக்கொள்வான். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போய்க் கதவைத் தட்டுவான்.

“எத்தனை மணிக்குக் கிளம்பினே?” என்பாள் இல்வா.

“காலைல ஆறு மணிக்கு, கண்ணு.”

அவள் வாஃபிள் சுட்டு, மேலே பழுப்புப் பாலாடைக்கட்டி சீவிப் போட்டுத் தயாராக வைத்திருப்பாள். சோபாவில் தலையணை போட்டுக் கொடுப்பாள். “அம்மா, சத்தம் போடாதே. அப்பா காலைலேருந்து பிரயாணம் பண்ணி வந்திருக்கார்” என்பாள். சோல்வி சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவனைப் பார்ப்பாள். ஹால்வார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். களைப்பே இல்லாத உடம்பைக் களைத்த மாதிரி கிடத்தி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவனுக்குத்தான் தெரியும். ஊருக்குத் திரும்பியதும் நான்கு நாள் கண்ணாடியில் முகம் பார்க்கப் பிடிக்காது. ஐந்தாம் நாள் பார்ப்பான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தது, மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வரை.

அன்று வெயில் நன்றாக அடித்தது. பனியைப் பார்த்தால் கண் கூசியது. முற்பகல் விமானம் ஒன்பது பயணிகளோடு ஹார்நெஸுக்குக் கிளம்பியது. ஹால்வார் வழக்கம்போல லைனை அழுத்தினான். அந்தப் பக்கம் விக்தீஸ். அறுபதை எட்டப்போகிறவள், ஹார்நெஸ் கோபுரத்தில் அவன் சேருவதற்கு முன்பிருந்தே இருப்பவள். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டது நான்கைந்து தடவை இருந்தால் அதிகம். ஆனால் தினமும் பேசுகிற குரல், கூடப் பிறந்தவர்கள் மாதிரி.

“சொல்லுப்பா.”

“கிளம்பியாச்சு. பதினொண்ணு முப்பத்தெட்டு. உங்ககிட்ட பதினொண்ணு அம்பத்திரண்டுக்கு.”

“கேட்டீங்களா பசங்களா? முப்பத்தெட்டுலேருந்து அம்பத்திரண்டு. எவ்வளவு நிமிஷம்?”

“பதினாலு!” என்று ஒரு கூட்டமே கத்தியது.

ஹால்வாருக்குக் கை அப்படியே நின்றது. “யாரு விக்தீஸ் அது?”

“ஸ்கூல் பசங்க. அஞ்சாம் கிளாஸ், பதினெட்டு பேரு. கோபுரம் பார்க்க வந்திருக்காங்க. உன்னை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், வணக்கம் சொல்லு.”

அஞ்சாம் கிளாஸ். ஹார்நெஸ் மாதிரி ஊரில் அஞ்சாம் கிளாஸ் ஒன்றுதான் இருக்கும். அதில் இல்வா இருப்பாள். லைனை வைத்துவிடு என்று மனசு சொன்னது. விரல் கேட்கவில்லை.

“எவ்வளவு தூரம் அங்கேருந்து?” என்று ஒரு பையன் கேட்டான்.

“அறுபத்திரண்டு கிலோமீட்டர்.” தொண்டையை இறுக்கிக்கொண்டு கனத்த குரலில் சொன்னான். நாற்பத்தொரு வயது மனுஷன், குழந்தைகளுக்கு முன்னால் குரலை மாற்றிப் பேசினான்.

விக்தீஸுக்கு அவன் பண்ணி வைத்திருந்த கூத்து எதுவும் தெரியாது. பாவம், அவள் நல்லது பண்ணுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். “இவர் பேரு ஹால்வார். இந்தக் குரல் யாரோடதுன்னு உங்கள்ல ஒருத்திக்கு நல்லாத் தெரியும். யாரு சொல்லுங்க பார்ப்போம்?” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பிறகு ஒரு சிறுமியின் குரல் கேட்டது. “இல்வா, உங்கப்பா பேருதானே ஹால்வார்? ஒன்பது மணி நேரம் ஆகும்னு சொன்னியே?”

“எங்கப்பா இல்ல.”

அந்தக் குரலை எத்தனை கூட்டத்திலும் அவனால் பொறுக்கி எடுக்க முடியும். அழுகை இல்லை, கோபம் இல்லை, பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி நிதானமாக வந்தது.

“எங்கப்பா லாங்விக்ல இல்ல. அதுக்கும் ரொம்ப அப்பால இருக்கார். இது வேற ஹால்வார்.”

“அட, என்னம்மா இது...” என்று விக்தீஸ் தடுமாறினாள். “ஹால்வார்? நீயே சொல்லேன்ப்பா.”

ஆமாம், நான்தான் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். அவன் சொன்னது வேறு. “வேலை இருக்கு விக்தீஸ்” என்றான். லைனை வைத்துவிட்டான்.

வைத்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெற்ற மகள் பதினேழு பேர் நடுவில் இவன் என் அப்பா இல்லை என்று சொல்கிறாள், இவனும் ஆமாம் நான் இல்லை என்று ஃபோனை வைக்கிறான். த்தூ என்று அவனுக்கே வந்தது. வெளியே ஓடுபாதை காலியாகக் கிடந்தது. அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. காப்பியை ஊற்றினான், குடிக்கவில்லை. சோல்விக்கு ஃபோன் போட நினைத்தான், என்ன சொல்வது என்று தெரியாமல் விட்டான். அவள் ஒருநாளும் அவனைக் காட்டிக்கொடுத்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு தடவை, “உன் வாயால கட்டினதை உன் வாயாலேயே பிரி. நான் பிரிச்சா அவ என்னைத்தான் வெறுப்பா” என்றாள். அதற்கும் அவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவன்தான்.

இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் ஆள் வந்தான். ஹால்வார் கோபுரத்தை விட்டு இறங்கி நேராக கவுண்டருக்குப் போனான்.

கவுண்டரில் அஸ்லாக். டிக்கெட் பார்ப்பது, பெட்டி ஏற்றுவது, ஆபத்தென்றால் தீயணைப்பு வண்டி ஓட்டுவது, எல்லாம் அவன்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

“ஹார்நெஸுக்கு ஒண்ணு குடு. மூணு மணி பிளேன்ல.”

“இன்னிக்கா? கிறிஸ்துமஸும் இல்ல, ஒண்ணும் இல்ல, என்ன விசேஷம்?” அஸ்லாக் அவனை மேலும் கீழும் பார்த்தான். “பெட்டி எங்கடா? ஒன்பது மணி நேரப் பிரயாணமாச்சே, வழியில பசிச்சா என்ன பண்ணுவே?”

ஹால்வாரின் முகத்தில் ஈயாடவில்லை. “உனக்கு எப்படித் தெரியும்?”

“போன கிறிஸ்துமஸுக்கு அதோ அந்த பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு, ட்ரோம்சோல பனி கொட்டுது கண்ணு, பிளேன் லேட்டுன்னு ஃபோன்ல அளந்துக்கிட்டிருந்தே. நான் பின்னால பெட்டி அடுக்கிக்கிட்டுதான் இருந்தேன். பொண்ணுகிட்டத்தானே?”

“ஆமா.”

“எனக்குக் காது இருந்ததுக்கு அன்னிக்கு வருத்தப்பட்டேன்டா” என்றான் அஸ்லாக். அதற்குமேல் கிண்டல் பண்ணவில்லை. டிக்கெட்டை அச்சடித்து, முகத்தைப் பார்க்காமல் நீட்டினான். கிண்டல் பண்ணியிருந்தால் தேவலை என்றிருந்தது ஹால்வாருக்கு.

விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று யோசிக்க ஆரம்பித்தான். ‘கண்ணு, அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.’ சேச்சே, சினிமா மாதிரி இருக்கிறது. ‘அந்த ஓடுபாதை வேலை நடந்தப்போ...’ இப்போதும் ஓடுபாதையையா இழுப்பது? ‘எனக்குப் பயமா இருந்துச்சு.’ எதற்குப் பயம், யாரோ ஒருவனுடைய பூட்ஸைப் பார்த்தா? பத்து வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? மூன்று வருஷமாக அந்தப் பயணம் நீளமானது என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு, அன்றுதான் அது எவ்வளவு குட்டை என்று உறைத்தது. முதல் வாக்கியம் அமைவதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது.

இறங்குகிற வாசலிலேயே விக்தீஸ் நின்றுகொண்டிருந்தாள். அவன் பெயரைப் பயணிகள் பட்டியலில் பார்த்துவிட்டுக் கோபுரத்திலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

“என்னப்பா நீ, நான் ஏதோ அப்பனும் மகளும் சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன். இப்படி ஆகிப்போச்சே.”

“உங்க மேல தப்பில்ல விக்தீஸ். எல்லாம் என் மேல.”

“அது எனக்கும் கொஞ்சம் புரிஞ்சுது.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “பசங்க எல்லாம் படியிறங்கினதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு மட்டும் திரும்பி வந்தா. ‘அவர் மேல கோச்சுக்காதீங்க, அவர் பிஸியா இருந்திருப்பார்’னு எங்கிட்ட சொல்லிட்டு ஓடிட்டா. எனக்கு அழுகையே வந்துடுச்சு, போ.”

ஹால்வார் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். பூமி பிளந்து தன்னை அப்படியே விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. விமான நிலையத்திலிருந்து சோல்வியின் வீடு நடந்து போனால் கால் மணி நேரம். அந்தச் சாலையில் அன்று அவன் காலைத் தேய்க்கவில்லை. நடையில் எந்த நடிப்பும் இல்லாமல் அந்த வீட்டுக்குப் போவது நீண்ட நாளைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு முன்னால் பனி ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அதில் குகை தோண்டிக்கொண்டிருந்தார்கள் இல்வாவும் இன்னொரு சிறுமியும். அந்தச் சிறுமியை அவனுக்குத் தெரியும், அடுத்த வீட்டுப் பெண், பேர் தீரில். பல்லில் கம்பி போட்டிருப்பாள், இல்வாவின் வகுப்புதான். காலையில் லைனில் கேட்ட குரல் அவளுடையதுதான் என்று இப்போது புரிந்தது.

இல்வா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் வரவில்லை, திகில் வந்தது. சட்டென்று தீரிலைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். பிறகு தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டு, “அப்பா! வந்துட்டியா? காலைல ஆறு மணிக்கே கிளம்பிட்டியா? ட்ரோம்சோல ரொம்பக் காத்திருந்தியா?” என்றாள்.

தீரில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். “அப்போ காலைல கோபுரத்துல பேசினது யாரு?”

“வேற ஆளுன்னு சொன்னேன்ல? எங்கப்பா அப்போ பிளேன்ல இருந்தார். பிளேன்ல இருக்கறவர் எப்படி ஃபோன் பேசுவார்? லூசு மாதிரி கேட்காதே.”

எல்லாவற்றையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். ஒரு ஓட்டை விடவில்லை. அவன் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு தலையாட்டல். அவள் கண் அதைத்தான் கேட்டது, ஆமாம்னு சொல்லுப்பா, ப்ளீஸ்ப்பா என்று. ஹால்வார் அந்தக் கண்ணைப் பார்த்தான். ஆனால் அவன் மனசெல்லாம் தன் நெஞ்சில் கிடந்த பாரத்தின் மேலேயே இருந்தது. இதோ, உண்மையைச் சொல்ல நேரம் வந்துவிட்டது, இன்றைக்காவது ஆம்பளையாக நடந்துகொள் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

“இல்ல தீரில்” என்றான். “காலைல பேசினது நான்தான். நான் லாங்விக்லதான் இருக்கேன். இப்போ மூணு மணிக்குக் கிளம்பி, பதினாலு நிமிஷத்துல வந்தேன்.”

தீரில் ஜெயித்துவிட்டேன் என்றுகூடச் சிரிக்கவில்லை. கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எங்க வீட்ல சாப்பிடக் கூப்பிடுவாங்க, நான் போறேன்” என்று முணுமுணுத்துவிட்டு, இல்வாவைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். தோழிக்கு நடந்த அவமானத்தைப் பார்க்கச் சகிக்காமல் போகிறாள் என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது.

ஹால்வாருக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது போலிருந்தது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது. இனி மகள் அழுவாள், ஓடி வந்து கட்டிக்கொள்வாள், மன்னிப்புக் கேட்கலாம், எல்லாம் சரியாகிவிடும். கையைக்கூடக் கொஞ்சம் விரித்துவிட்டான், மடையன்.

இல்வா மண்வெட்டியைத் தரையில் ஓங்கி அடித்தாள். “எதுக்குச் சொன்னே?”

“கண்ணு, பொய் சொல்றது தப்புடா. அப்பாதான் தப்புப் பண்ணிட்டேன். உன்னைப் பொய் சொல்ல வெச்சுட்டேன். உண்மையில என்னன்னா...”

“எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“பதினாலு நிமிஷம்னு தெரியும். மூணாம் கிளாஸ்லயே தெரியும். தீரில் பல்லுக்குக் கம்பி போட லாங்விக் போனா. காலைல போனவ, கணக்கு கிளாஸுக்கெல்லாம் திரும்பி வந்துட்டா.”

மூணாம் கிளாஸ். அதற்குப் பிறகு இரண்டு கிறிஸ்துமஸ், இரண்டு நடுக்கோடை. நான்கு தடவை இவன் செத்துப் பிழைத்தவன் மாதிரி வந்து சோபாவில் விழுந்திருக்கிறான். நான்கு தடவையும் இவள் தெரிந்தேதான் தலையணை போட்டிருக்கிறாள். தெரிந்தேதான் எத்தனை மணிக்குக் கிளம்பினாய் என்று கேட்டிருக்கிறாள். இவன் காலை ஆறு மணி என்று சொன்னதை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

“தெரிஞ்சும் ஏன்டா எங்கிட்ட கேட்கல?” என்றான்.

“கேட்டா என்ன சொல்லியிருப்பே?”

அவன் பார்வையைப் பனிக்குவியல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“ஒன்பது மணி நேரம்னா, உன்னால வர முடியல” என்றாள் இல்வா. நிறுத்தி நிறுத்தித் தெளிவாகச் சொன்னாள். “பதினாலு நிமிஷம்னா, நீ வரல. ரெண்டும் ஒண்ணாப்பா?”

“இல்ல.”

“அதான் உன்னை அப்பால கொண்டுபோய் வெச்சேன். லாங்விக் இல்ல, அதுக்கும் மேலன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன். தீரில் நம்பல. மேப்ல கடலுக்கு நடுவுல ஒரு தீவைக் காட்டி, அங்கதான் எங்கப்பாவுக்கு வேலைன்னேன். அப்புறம்தான் கொஞ்சம் நம்பினா. ரெண்டு வருஷம்ப்பா! ஒருத்தர்கிட்டயும் மாட்டிக்கல. இன்னிக்குக் காலைல கூட மாட்டிக்கல. நீ வந்து போட்டு உடைச்சுட்டே.”

இப்போதுதான் அவள் அழுதாள். சின்னப் பிள்ளை மாதிரி வாய் திறந்து அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். அவள் ஒரு அடி பின்னால் போனாள். அவன் நின்றுவிட்டான். தன் நெஞ்சு லேசாக வேண்டும் என்று ஒரே நிமிஷத்தில் இவன் செய்த காரியம், இவள் இரண்டு வருஷமாகக் கையால் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. உண்மை பேசினதுகூட இவனுக்காகத்தான் பேசியிருக்கிறான். இதற்கு அந்தப் பொய்யே மேல் என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்கும் வெட்கப்பட்டான்.

“சனிக்கிழமை வர்றேன்” என்றான். “சத்தியமா வர்றேன். இனிமே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்துடுவேன், முன்ன மாதிரி.”

இல்வா கையுறையைக் கழற்றி, உள்ளங்கையால் கண்ணைத் துடைத்தாள். அவனை நேராகப் பார்த்தாள். பத்து வயதுப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, விடை வரவில்லை என்று வாத்தியாரைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“நீ வரலைன்னா?”

“வருவேன்டா.”

“வரலைன்னா?” என்று மறுபடி கேட்டாள். “இத்தனை நாளும் நீ வராத சனிக்கிழமையில, படுத்துக்கிட்டு, ஒன்பது மணி நேரமாச்சே, பாவம் அப்பான்னு எனக்கே சொல்லிக்குவேன். பொய்யின்னு தெரியும். ஆனா சொல்லிக்கிட்டா தூக்கம் வந்துடும். இனிமே என்னத்தச் சொல்லிக்கறது?”

தினம் மூன்று தடவை நிமிஷம் தவறாமல் நேரம் சொல்கிறவன், அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் பனியில் நின்றான். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்து, தனியாகக் குகையைத் தோண்டப் போனாள். அவனைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.